காலடி தெரியும், முகம் தெரியாது: ஒரு கொடிக்குப் பெயர் கிடைக்கும் கதை

‘வெப்பமண்டலக் காட்டில் புதிய கொடி இனம்’ என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். கூடவே ஒரு பூவின் படம், இரண்டு சொல்லில் ஒரு லத்தீன் பெயர், எந்த நாட்டுக் காடு என்று ஒரு வரி. அவ்வளவுதான். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: இத்தனை நாள் அது எங்கே இருந்தது? மண்ணுக்குள் புதைந்தா கிடந்தது? இல்லை. பல நேரம் ஆட்கள் நடக்கிற பாதைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும். யாராவது அதைத் தாண்டிக் காலை வைத்திருப்பார்கள், பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறியிருப்பார்கள்.

மழைக்காட்டின் தரையில் நின்று பார்ப்பவருக்குப் பெருங்கொடி என்பது ஒரு முறுக்குக் கயிறு, அவ்வளவே. சிலவற்றின் தண்டு தொடைப் பருமன் இருக்கும். அடியில் இலை கிடையாது. அண்ணாந்து பார்த்தால் அந்தக் கயிறு பக்கத்து மரத்தின் கிளைகளுக்குள் போய், அங்கிருந்து அடுத்த மரத்துக்குத் தாவி, முப்பது மீட்டர் உயரத்தில் இலையோடு இலையாகக் கலந்துவிடும். எது மரத்தின் இலை, எது கொடியின் இலை என்று கீழே இருந்து பிரிக்கவே முடியாது. பூப்பது அங்கே. காய்ப்பதும் அங்கே.

தாவரவியலோ பூவையும் காயையும் நம்பி நிற்கும் துறை. 1753ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை வரிசைப்படுத்தியபோது மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் எண்ணித்தான் வகுப்புகள் பிரித்தார். அந்த எண்ணும் முறையைப் பின்னால் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பூவைப் பார்க்காமல் பெயர் சொல்லத் தயங்கும் பழக்கம் போகவில்லை, போகவும் கூடாது. ஆக, கொடி தன் காலடியைத்தான் நமக்குக் காட்டுகிறது. முகத்தை மேலே வைத்துக்கொள்கிறது. வெப்பமண்டலக் காடுகளில் மரத்தண்டுள்ள தாவரங்களை எண்ணினால் ஏறக்குறைய நான்கில் ஒன்று கொடி. அப்படியானால் காட்டின் கால்வாசியை நாம் காலடியை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம். புதிய கொடி இனங்கள் தாமதமாகத் தெரியவருவதற்கு முதல் காரணம் இதுதான்.

கொருப் காட்டில் நடந்தது

பெயர் தாமதமானால் என்ன குடி முழுகிப்போய்விடும் என்று கேட்கலாம். அதற்கு ஒரு கொடியின் கதையைச் சொல்கிறேன்.

கேமரூன் நாட்டின் தென்மேற்கு மூலையில், நைஜீரிய எல்லையை ஒட்டி, கொருப் என்ற காடு இருக்கிறது. 1986ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதன் தென்பகுதியில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும். அதே காலத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வெப்பமண்டலத் தாவரங்களில் மருந்துச் சரக்கு கிடைக்குமா என்று பெரிய அளவில் தேடத் தொடங்கியிருந்தது. ஆப்பிரிக்காவில் மாதிரி சேகரிக்கும் பொறுப்பு மிசூரி தாவரவியல் பூங்காவிடம் இருந்தது. அந்தப் பூங்காவுக்காக டங்கன் தாமஸ் என்ற தாவரவியலாளர் 1987ல் கொருப் பகுதியில் ஒரு கொடியைச் சேகரித்து அனுப்பினார்.

எச்.ஐ.வி. தொற்றுக்கு முதல் மருந்து அந்த ஆண்டில்தான் அங்கீகாரம் பெற்றிருந்தது. உலகமே அடுத்த மருந்துக்குக் காத்திருந்தது. ஆய்வகத்தில் இந்தக் கொடியின் சாற்றைச் சோதித்தபோது, செல்களை வைரஸ் அழிப்பதை அது தடுத்தது. எச்.ஐ.வி.யின் இரண்டு வகைகளுக்கும் எதிராக வேலை செய்தது. சாற்றைப் பிரித்துப் பிரித்து, காரணமான பொருளைக் கண்டுபிடித்து, மிச்செல்லமைன் என்று பெயரிட்டு 1991ல் வெளியிட்டார்கள். அதில் ‘பி’ வகைதான் நம்பிக்கை தந்தது.

சரி, இனி நிறைய இலை வேண்டும். எந்தக் கொடியின் இலை? சேகரித்தபோது அதற்கு அன்சிஸ்ட்ரோகிளாடஸ் அப்ரீவியேட்டஸ் என்று தற்காலிகமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே தெரிந்த இனம் அது. இலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அப்ரீவியேட்டஸைத் தேடிப்போய்ப் பறித்து வந்து சோதித்தால் மிச்செல்லமைன் இல்லை, வைரஸை எதிர்க்கும் குணமும் இல்லை. ஒரே பெயர், ஒரே மாதிரி இலை. ஒன்றில் சரக்கு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

முடிச்சை அவிழ்த்தது வேதியியல் இல்லை. தாமஸும் ராய் கெரோ என்ற தாவரவியலாளரும் அந்தக் கொடியின் பூவையும் காயையும் பார்த்த பிறகுதான், இது அப்ரீவியேட்டஸே இல்லை, இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று தெரிந்தது. 1993ல் அதற்கு அன்சிஸ்ட்ரோகிளாடஸ் கொருபென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘கொருப் காட்டைச் சேர்ந்தது’ என்று பொருள். அப்போது சோதித்துப் பார்த்த மற்ற அன்சிஸ்ட்ரோகிளாடஸ் எதிலும் அந்தப் பொருள் இல்லை. இந்தக் கொடியும் பெரும்பாலும் கொருப் பூங்காவுக்குள்தான் வளர்கிறது.

வரிசையைக் கவனியுங்கள். சாற்றைச் சோதித்தாயிற்று, மூலக்கூறின் வடிவத்தைக் கண்டாயிற்று, ஆய்விதழில் வெளியிட்டாயிற்று. அந்த மூலக்கூற்றைச் செய்த செடிக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. அது யார் என்று தெரியாமல் அதை எங்கே தேடுவது, எத்தனை மிச்சம் என்று எப்படி எண்ணுவது?

கொருபென்சிஸ் மருந்தாகவில்லை. விலங்குகளில் சோதித்தபோது, பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இடையில் நடந்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கொடியை வெட்டாமல், காட்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் அதன் இலைகளைப் பொறுக்கிச் சோதித்தார்கள். அதிலும் மிச்செல்லமைன் போதுமான அளவு இருந்தது. கூடவே, காட்டை நம்பியிருக்காமல் அதைப் பயிரிட்டு வளர்க்கும் முயற்சியும் கேமரூனிலேயே தொடங்கியது. உதிர்ந்த இலையில் எது கொருபென்சிஸ், எது மற்றது என்று பிரித்துப் பொறுக்க முடிந்ததே, அது அந்தக் கொடியை அடையாளம் கண்டதால் வந்த பலன்.

கொழுகொம்பைத் தேடுவது எப்படி

அன்சிஸ்ட்ரோகிளாடஸ் என்ற கிரேக்கப் பெயருக்குக் கொக்கிக் கிளை என்று பொருள். இளஞ்செடி நேராக, ஒற்றைத் தண்டாக, உச்சியில் இலைக்கொத்தோடு நிற்கும். பார்த்தால் கொடி என்றே சொல்ல மாட்டீர்கள். வளர்ந்தபின் பக்கக் கிளைகளின் நுனி சுருண்டு, மரம்போல் இறுகிய கொக்கியாகிவிடும். அந்தக் கொக்கிகளை மாட்டி மாட்டித்தான் அது உச்சிக்குப் போகிறது. காய் முற்றும்போது பூவின் புல்லிகள் ஐந்தும் அளவு மாறிய சிறகுகளாக நீண்டுவிடும்.

கொடிகள் ஏறும் வழிகளை முறையாக ஆராய்ந்தவர் டார்வின். 1865ல் நீண்ட கட்டுரையாக எழுதி, 1875ல் நூலாக்கினார். சுற்றி ஏறுவன, இலைக்காம்பால் பற்றுவன, பற்றுக்கம்பியால் பிடிப்பன, கொக்கி மாட்டுவன, வேரால் ஒட்டுவன என்று பிரித்தார். உடல்நலம் இல்லாமல் அறைக்குள் அடைந்து கிடந்த நாட்களில், தொட்டியில் வளர்ந்த ஒரு கொடியின் நுனியை இரவும் பகலும் பார்த்துக் குறித்து வைத்தவர் அவர். இலங்கையைச் சேர்ந்த செரோபீஜியா கொடி ஒன்றின் தளிர்நுனி காற்றில் வட்டம் போடுவதை அவர் அளந்தார். எண்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தளிர், ஒன்றரை மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள வட்டத்தை, மணிக்குச் சுமார் எண்பது சென்டிமீட்டர் வேகத்தில் சுற்றி வந்தது. எதைத் தேடி? கொழுகொம்பைத் தேடி. கொடி பற்றி ஏறும் கம்புக்கென்றே தமிழில் தனியாக ஒரு சொல் இருப்பது எனக்குச் சின்னச் சந்தோஷம் தரும் விஷயம்.

சுற்றும் திசை கூட வகைப்பாட்டுக்கு உதவும். வள்ளிக்கிழங்கின் பேரினமான (நெருங்கிய இனங்களின் தொகுதியான) டயோஸ்கோரியாவில், தண்டு வலமாகச் சுற்றுகிறதா இடமாகவா என்பது இனங்களைப் பிரிக்கும் முக்கியமான அடையாளம். பொதுவாகக் கொடிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஒரே திசையில்தான் சுற்றுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பக்கம், தெற்கே மறுபக்கம் என்று பலர் நம்புவது சரியில்லை. பல நாடுகளில் எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2007ல் வெளியானது. அதன்படி 92 சதவீதம் ஒரே திசை, எந்த அரைக்கோளமாக இருந்தாலும். அந்த மீதி எட்டு சதவீதத்தில் வரும் கொடியைச் சேகரிப்பவர் திசையைக் குறிக்காமல் நுனியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், காகிதத்தில் ஒட்டிய பிறகு அந்தத் தகவலை மீட்பது கடினம்.

ஒரே கொடி, பல வேஷம்

உயரத்தைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று இருக்கிறது. கொடி தன் வயதுக்கு ஏற்ப உருவத்தையே மாற்றிக்கொள்ளும்.

மணிபிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கத் தொட்டியிலும் பாட்டிலிலும் வளர்வது. உள்ளங்கை அளவு இதய வடிவ இலை. அதே கொடியைப் பெரிய மரத்தில் ஏறவிட்டால், மேலே போகப் போக இலை பெருத்து, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீண்டு, ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தொங்கும். தெரியாதவர் இரண்டையும் ஒரே செடி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பசிபிக் கடலில் உள்ள மூரெயா தீவுதான் இதன் பிறந்த இடம். 1880ல் இதைப் பொத்தோஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார்கள். அப்புறம் சிண்டாப்சஸ் என்றார்கள், ராஃபிடோஃபோரா என்றார்கள். கடைசியில் எபிப்ரெம்னம் என்று நிலைத்தது 1964ல். 84 ஆண்டு. காரணம் எளிது: இது அநேகமாகப் பூப்பதே இல்லை. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உருவாக்கும் ஒரு மரபணு இதில் சரியாக இயங்குவதில்லை என்று 2016ல் கண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் அபூர்வமாகப் பூத்தபோது கிடைத்த பூவை வைத்துத்தான் விவாதம் முடிவுக்கு வந்தது. எல்லார் கண்ணிலும் படுகிற செடிக்கே இந்தப் பாடு என்றால், முப்பது மீட்டர் உயரத்தில் இருப்பதை என்ன சொல்ல?

மேற்கு ஆப்பிரிக்காவில் ட்ரிஃபியோஃபில்லம் என்று ஒரு கொடி உண்டு. அன்சிஸ்ட்ரோகிளாடஸுக்கு நெருங்கிய சொந்தம். இதன் பெயரிலேயே மூன்று வகை இலை என்ற பொருள் இருக்கிறது. முதலில் சாதாரண இலை. பிறகு சில காலம் மட்டும், பசைத்துளிகள் மினுங்கும் நீண்ட மெல்லிய இலை. அதில் பூச்சிகள் ஒட்டிச் செரித்துப்போகும். அதன்பின் நுனியில் இரட்டைக் கொக்கியோடு வரும் இலை, அதை வைத்துக் காட்டின் உச்சி வரை ஏற்றம். பூச்சி தின்னும் பருவம் குறுகியது. அதனால் பல பத்தாண்டுகளாகத் தாவர நூல்களில் இருந்த இந்தக் கொடி ஊனுண்ணி என்பது 1979ல்தான் உறுதியானது. மண்ணில் பாஸ்பரஸ் குறையும்போதுதான் அது அந்தப் பருவத்துக்குள் போகிறது என்று 2023ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தவறான மாதத்தில் போனவருக்கு அது வெறும் பச்சைக்கொடி.

இன்னும் சில கொடிகளில் ஆண் தனி, பெண் தனி. ஆண்பூவோடு கிடைத்த ஒரு மாதிரியும் காயோடு கிடைத்த இன்னொரு மாதிரியும் ஒரே இனமா என்று சொல்ல வேண்டுமானால் காட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். சில பேரினங்களில், சுவரில் ஓடுபோல் ஒட்டி வளரும் இளம்பருவத்தை ஓர் இனமாகவும் முதிர்ந்த பருவத்தை இன்னோர் இனமாகவும் எழுதிவைத்துப் பின்னால் சேர்த்த கதைகள் உண்டு. புதிய இனம் என்று கூவுவதற்கு முன் தயங்குபவரைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு அப்படித் தயங்குபவர்கள் மேல்தான் மரியாதை.

காட்டிலிருந்து காகிதத்துக்கு

ஒரு மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். நீண்ட கழியின் முனையில் வெட்டுக்கத்தி கட்டி இழுப்பார்கள். எட்டாவிட்டால் மரம் ஏறுபவர் போவார். அல்லது விழுந்த மரத்தைத் தேடுவார்கள். பெருங்காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மேலே இருந்த கொடிகளின் பூவும் காயும் தரைக்கு வந்துவிடும். கொடி சேகரிப்பவர்களுக்கு அது கிடைத்தற்கரிய நேரம். கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, ஓர் இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரியும்படி வைத்து, அட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டுவார்கள். உலர்த்த வழியில்லாத ஈரக்காட்டில் அந்தக் கட்டு முழுவதையும் ஆல்கஹாலில் நனைத்து மூடிவைப்பார்கள், பூஞ்சை பிடிக்காமலிருக்க. ஹோயா போன்ற சதைப்பற்றான பூக்களை நசுக்கினால் உருவம் போய்விடும். அவை தனியாக ஆல்கஹால் குப்பியில் போகும்.

நோட்டில் எழுதுவதுதான் முக்கியம். பூவின் நிறம், மணம், தண்டை வெட்டினால் பால் வருகிறதா, எந்த நிறப் பால், எவ்வளவு உயரம், எந்த மரத்தில் ஏறியிருந்தது. உலர்ந்த மாதிரியில் இவை எதுவும் தங்காது. தண்டின் குறுக்குவெட்டையும் எடுத்துவைக்க வேண்டும். ஏனென்றால் கொடித்தண்டு மரத்தண்டு மாதிரி வளையம் வளையமாக மட்டும் இருக்காது. சிலவற்றில் சிலுவை வடிவம், சிலவற்றில் பல தண்டுகளை முறுக்கிக் கட்டியது போன்ற அமைப்பு. பூவே கிடைக்காதபோது அந்த வெட்டுமுகம் எந்தக் குடும்பம் என்றாவது சொல்லிவிடும்.

அடுத்தது ஒப்பீடு. அந்தப் பேரினத்தில் இதுவரை பெயரிட்ட ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மூலமாதிரி எங்கோ ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கும். ‘டைப்’ மாதிரி என்பார்கள். பெயர் அந்த ஒற்றைத் தாளோடு கட்டப்பட்டது. நாளைக்குச் சண்டை வந்தால் எல்லாரும் அந்தத் தாளிடம்தான் போக வேண்டும். முன்பு இதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலான மூலமாதிரிகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இது எளிய வசதி இல்லை. கொடிகள் வளரும் நாட்டிலேயே இருந்துகொண்டு அந்த நாட்டு ஆய்வாளரே விவரிக்க முடிவது இதனால்தான்.

எல்லாவற்றிலிருந்தும் வேறு என்று உறுதியானால் விவரித்து வெளியிட வேண்டும். நெருங்கிய இனத்திலிருந்து எதில் மாறுபடுகிறது என்ற வரையறை, மூலமாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம், முறையான பெயர் எல்லாம் இருந்தால்தான் செல்லும். 1935 முதல் 2011 முடிய அந்த வரையறை லத்தீனில் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம், அச்சிடாமல் மின்வடிவிலேயே வெளியிடவும் செய்யலாம் என்று மாற்றினார்கள். தாமஸும் கெரோவும் 1993ல் எழுதியது லத்தீன் விதி நடப்பிலிருந்த காலம்.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் பிடிக்கும்? 2010ல் வெளியான ஓர் ஆய்வு, 1970க்குப் பிறகு விவரிக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களை எடுத்து, முதன்முதலில் சேகரித்த ஆண்டையும் பெயரிட்ட ஆண்டையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டுக்குள் பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். ஏறக்குறைய கால்வாசி இனங்கள் ஐம்பது ஆண்டுக்கும் மேல் காப்பகத்தில் காத்திருந்தவை. கண்டுபிடிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காட்டில் நடப்பதில்லை, இரும்பு அலமாரிக்கு முன்னால் நடக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம் தாவர இனங்கள் புதிதாகப் பெயர் பெறுகின்றன. அந்த எண்ணைப் பார்க்கும்போது, வரிசையில் நின்று காத்திருந்த காலத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நாணப்படும் குடுவை

அண்மைக் காலத்தில் பெயர் பெற்ற ஒரு கொடியையும் சொல்லிவிடுகிறேன். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியில், வடக்குக் கலிமந்தானில், 2012ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் நெப்பெந்திஸ் என்ற குடுவைக்கொடி ஒன்றைப் பார்த்தார்கள். நெப்பெந்திஸின் இலைநுனி நீண்டு பற்றுக்கம்பியாகி, அதன் முனையில் பூச்சி பிடிக்கும் குடுவை தொங்கும். ஆனால் இந்தக் கொடியில் குடுவையே இல்லை. ஏதோ குறைபாடு என்று தோன்றியது. பிறகு மரத்தடியில் பாசியை விலக்கிப் பார்த்தால், உள்ளே கருஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் குடுவைகள்! இந்தக் கொடி வெளிறிய சிறு இலைகளுள்ள கிளைகளை மண்ணுக்குள் அனுப்பி, குடுவைகளைப் பூமிக்கடியில் வளர்க்கிறது. அங்கே எறும்பு, உண்ணி, வண்டு ஆகியவற்றைப் பிடிக்கிறது. 2022ல் நெப்பெந்திஸ் புடிக்கா என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் புடிக்கா என்றால் நாணமுள்ளவள்.

குடுவையைக் காணவில்லை என்றதும் குறையுள்ள செடி என்று ஒதுக்காமல், மண்ணைக் கிளறிப் பார்த்தார்களே, அந்த நிமிஷம்தான் இந்தக் கதையின் உயிர். எல்லாக் கொடியும் முகத்தை மேலே மறைத்தால், இது கீழே மறைத்திருக்கிறது.

‘புதியது’ யாருக்கு?

மடகாஸ்கரின் வடகோடியில் வளரும் ஒரு காட்டு வள்ளிக்கிழங்குக் கொடிக்கு டயோஸ்கோரியா ஒராஞ்சியானா என்று 2009ல் பெயர் கிடைத்தது. மற்றவற்றில் கிழங்கு ஒன்றாக இருக்க, இதில் விரல்கள் போலப் பலவாகப் பிரிந்திருக்கும். இதை அறிவியல் அறிந்தபோது உள்ளூர் மக்கள் ஏற்கெனவே தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது புதியதாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே ‘புதிய இனம்’ என்பதற்கு, உலகத்தின் மற்ற தாவரங்களோடு ஒப்பிட்டு எழுத்தில் பதிவானது என்பது மட்டுமே பொருள். உள்ளூர்ப் பெயரையும் பயனையும் விவரணையில் சேர்த்து எழுதும் வழக்கம் இன்னும் எல்லாரிடமும் இல்லை. அது இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு நாட்டின் மரபுவளத்தை எடுத்து ஆய்வதற்கு அந்த நாட்டின் இசைவும், வரும் பலனில் பங்கும் வேண்டும் என்று 2010ல் உருவான நகோயா ஒப்பந்தம் சொல்கிறது. 2014ல் அது நடைமுறைக்கு வந்தது. கொருபென்சிஸ் சேகரிக்கப்பட்ட காலத்தில் அப்படி ஓர் உலக விதி இல்லை.

பெயர் இல்லாத கொடியால் பெயருள்ள வேறொன்றும் தவிக்கும். ரஃப்ளீசியாவைத் தெரியாதவர் குறைவு: ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் பூ, உலகிலேயே பெரியது. அதற்குச் சொந்தமாக இலை இல்லை, தண்டு இல்லை. டெட்ராஸ்டிக்மா என்ற, திராட்சைக் குடும்பத்துக் கொடியின் திசுவுக்குள்தான் வாழ்கிறது. ரஃப்ளீசியாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் டெட்ராஸ்டிக்மாவில் எந்த இனம் என்று தெரிய வேண்டும். ஆனால் பூத்த ரஃப்ளீசியா தரையில், அதைத் தாங்கும் கொடியின் பூ மரஉச்சியில். இப்போது தண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்துத்தான் அந்த இனத்தை அறிய முயல்கிறார்கள்.

இதனால்தான் பெயரிடும் கட்டுரையிலேயே அழிவு நிலையையும் மதிப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். கொடி கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து, இரண்டு கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, எத்தனை சதுரத்தில் இருக்கிறது என்று எண்ணுவார்கள். மொத்தம் பத்துச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கி, இடங்கள் துண்டுபட்டும் குறைந்துகொண்டும் போனால் மிக ஆபத்தான நிலை. முதிர்ந்த கொடிகள் ஐம்பதுக்கும் குறைவு என்றாலும் அப்படித்தான். இனி விவரிக்கப்படவிருக்கும் தாவரங்களில் நான்கில் மூன்று ஏற்கெனவே அழியும் அபாயத்தில் இருக்கக்கூடும் என்று லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2023ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எளிதில் கண்ணில் படக்கூடிய, பரவலாக வளரும் தாவரங்கள் முன்பே பெயர் பெற்றுவிட்டன. மிச்சம் இருப்பவை சின்ன இடத்தில், சிலவாக இருப்பவை.

உலர்தாவரக் காப்பகத்தில் ஒவ்வொரு பேரினத்தின் அடுக்குக்கும் கடைசியில் ஓர் உறை இருக்கும். பெயர் காண முடியாதவை அதற்குள் கிடக்கும். கொடிகள் அதிகமுள்ள குடும்பங்களில் அந்த உறை எப்போதும் தடித்தே இருக்கும். ஒரு தாளை எடுத்தால் நான்கைந்து இலை, கொக்கி ஒன்று, மஞ்சளேறிய சீட்டு. பேரினத்தின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. கீழே சேகரித்தவரின் கையெழுத்தில்: ‘பெருங்கொடி. மரஉச்சியில். பூ இல்லை, காய் இல்லை.’